பாகாயத்துக்கும் நாட்றம்பள்ளிக்கும் நடுவே

நாட்றம்பள்ளியில் கிழக்கு வெளுக்கும் முன்பே, வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் போகிற ஷூ கம்பெனி வேன்கள் நெடுஞ்சாலையோரத்தில் வந்து நிற்கத் தொடங்கிவிடும். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவற்றில் ஏறுகிற பெண்களில் பலர், தோலின் விளிம்பை மடித்து ஒட்டுவதிலும், மெஷின் முன் அமர்ந்து அப்பர் தைப்பதிலும் பத்துப் பதினைந்து வருஷங்களாகத் தங்கள் விரல்களைப் பழக்கியவர்கள். கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரல் நுனியால் தோலின் கனத்தை அறிந்துகொள்கிற அந்தப் பரிச்சயத்தை எந்தப் பாடசாலையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட கை ஒன்று, ஒரு நாள் காலையில் படுக்கையை விட்டு எழும்போது சொன்னபடி கேளாமல் துவண்டு கிடக்குமானால், அந்தக் குடும்பத்தின் ஜீவனோபாயமும் அன்றோடு படுத்துவிடுகிறது. பக்கவாதத்தில் உயிர் தப்பி வீடு திரும்பியவர்களுக்கு, அதன் பிறகு என்ன நேர்கிறது என்பதைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாளுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, மாத்திரைகளோடு, வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகள் படமாக அச்சிடப்பட்ட காகிதம் ஒன்றையும் கொடுத்தனுப்பினார்கள். அந்தக் காகிதம் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டருக்குப் பின்னால் செருகப்பட்டிருந்தது. அம்மாள் தினந்தோறும் பயிற்சி செய்யாமல் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, எதிரே வைத்த தண்ணீர்ச் சொம்பை வலக்கையால் தொட்டு இழுப்பதற்குப் பெரும் பிரயத்தனம் செய்வார். தோள் காதுவரை உயரும், உடம்பு முழுவதும் முன்னே சாயும், எப்படியோ சொம்பு அரை சாண் நகர்ந்து வரும். வீட்டார் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர், அவருடைய தோளின்மேல் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்திக்கொண்டு, "அம்மா, தோளைத் தூக்காதீங்க, முழங்கையை மட்டும் நீட்டுங்க" என்றார். சொம்பு வரவில்லை. முழங்கை நீளவே இல்லை என்பதும், ஒரு மாதமாகத் தோளும் முதுகுமே கையின் வேலையைச் செய்துவந்தன என்பதும் அப்போதுதான் வீட்டாருக்குத் தெரிந்தது.

இந்த ஒரு காட்சியில் விஷயம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மூளையில் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ அழிந்துபோன பகுதி மீண்டும் உயிர் பெறுவதில்லை. ஆனால் அதன் வேலையை, அக்கம்பக்கத்திலுள்ள பகுதிகள் ஓரளவுக்கு ஏற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்கின்றன. அந்தக் கல்விக்கு வழி, ஒரே அசைவைச் சரியான முறையில் திரும்பத் திரும்பச் செய்கிற அப்பியாசம்தான். அசைவு தவறான முறையில் திரும்பத் திரும்ப நடக்குமானால், மூளை அந்தத் தவறையே கற்றுக்கொள்ளும். கை வராது என்று அதை மடியில் போட்டுவிட்டு, மற்றொரு கையாலேயே எல்லாக் காரியங்களையும் முடித்துக்கொள்வோமானால், வரக்கூடிய சக்தியும் வராமலே போகும். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைக் கற்றுக்கொண்ட உபயோகமின்மை என்று பெயரிட்டு, நல்ல கையைக் கட்டிவைத்து நோயுற்ற கையை வேலை வாங்குகிற ஒரு சிகிச்சை முறையையே அதன்மேல் எழுப்பினார். ஆகவே இங்கே மருந்து அசைவு. மருந்தின் அளவு, எத்தனை முறை என்ற எண்ணிக்கை. வட அமெரிக்காவில் சிகிச்சைக் கூடங்களில் நடப்பதை உடனிருந்து எண்ணிப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஓர் அமர்வில் நோயாளியின் கை காரியத்தோடு கூடிய அசைவைச் செய்வது சராசரியாக 32 முறைதான் என்று கண்டார்கள்; மூளையில் மாறுதல் உண்டாக்கிக் காட்டிய பிராணிகளின் சோதனைகளிலோ அது நாளொன்றுக்கு நானூறு, அறுநூறு என்ற கணக்கில் இருந்தது. சகல வசதிகளும் பொருந்திய தேசத்துச் சிகிச்சைக் கூடத்திலேயே முப்பத்திரண்டு என்றால், காலண்டருக்குப் பின்னால் செருகிய காகிதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சிகிச்சைக் கூடத்துக்கே தினமும் போகலாமே என்பார்கள். நாட்றம்பள்ளியிலிருந்து வேலூர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஜோலார்பேட்டைக்குப் போய் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து, புனர்வாழ்வு நிலையம் இருக்கிற பாகாயத்துக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அல்லது வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பஸ்ஸிலேயே போக வேண்டும். ஒரு காலை இழுத்து நடக்கிறவரைத் தனியே அனுப்ப முடியாது. துணைக்குப் போகிற மகனுக்கோ மருமகளுக்கோ அன்றைய சம்பளம் போய்விடும். வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு 'தீபாவளி கழிச்சுப் பாக்கலாம்' என்று அந்தப் பிரயாணம் தேய்ந்து போவதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். அதற்காக அந்த வீட்டார்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

பாகாயத்தின் பெயரைச் சொல்லும்போது, அங்கே அப்படியொரு ஸ்தாபனம் உண்டானதற்குக் காரணமான அம்மையாரை நினைக்காமல் இருக்க முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரான மேரி வர்கீஸ், 1954-ஆம் வருஷத்தில் நேர்ந்த மோட்டார் விபத்தொன்றில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்தார். வாலிபப் பருவத்தில், வைத்தியத் தொழிலின் வாசற்படியில், இனி எழுந்து நிற்கவே முடியாது என்ற தீர்ப்பைக் கேட்ட அந்தப் பெண்மணி, குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்டின் தூண்டுதலால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கத்தியைக் கையிலெடுத்து, நூற்றுக்கணக்கான பிறர் கைகளுக்கு வேலை செய்யும் சக்தியைத் திருப்பிக் கொடுத்தார். பின்னர் நியூயார்க் சென்று புனர்வாழ்வு மருத்துவத்தில் விசேஷப் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1966-இல் பாகாயத்தில் அவர் முன்னின்று தொடங்கியதே, நோயாளிகளை உள்ளே தங்கவைத்துப் பழக்குகிற இந்தியாவின் முதல் புனர்வாழ்வு நிலையம். 1972-இல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மனிதர்கள் தேடிவருகிற இந்தச் சிகிச்சை, நம்முடைய பாலாற்றங்கரையில்தான் வேர்விட்டது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அந்த வேர் இன்னும் பட்டுப்போகவில்லை. அதே கல்லூரியின் உயிரிப்பொறியியல் துறையினர், பக்கவாதம் கண்டவர்களின் இரண்டு மணிக்கட்டுகளிலும் கைக்கடிகாரம் போன்ற உணரிகளைக் கட்டிவிட்டு, நாள் முழுவதும் எந்தக் கை எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் முறைகளை ஆராய்ந்திருக்கிறார்கள், சென்னை ஐ.ஐ.டி.யின் பொறியாளர்களோடு சேர்ந்து, ஒரே ஒரு மோட்டாரை வைத்துக்கொண்டு கைப்பிடியை மட்டும் மாற்றி மாற்றிப் பொருத்தி, மணிக்கட்டையும் விரல்களையும் பழக்குகிற புளூட்டோ என்ற சிறிய யந்திரத்தையும் உண்டாக்கியிருக்கிறார்கள். சிகிச்சைக் கூடத்தில், பார்ப்பவர் எதிரில் கை என்ன செய்ய முடியும் என்பது ஒன்று. வீட்டில், யாரும் பாராதபோது அது என்ன செய்கிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள தூரத்தை இத்தகைய உணரிகளைக் கொண்டு அளக்கலாம்.

அசைவைப் பின்தொடர்ந்து அளக்கிற இந்த வித்தை இரண்டு வகையாக நடக்கிறது. ஒன்று, மேலே சொன்ன உணரி. அதற்குள் கைவேகத்தின் ஏற்ற இறக்கத்தையும் திருப்பத்தையும் அறிகிற நுண்ணிய பாகங்கள் உண்டு. நடுக்கவாதம் என்று நாம் வழங்கும் பார்க்கின்சன் நோயில், சும்மா இருக்கிற கை விநாடிக்கு நான்கு முதல் ஆறு தடவை நடுங்கும். அதைக்கூட இந்தக் கருவி எண்ணிச் சொல்லிவிடும். மற்றொன்று, காமிரா. 2010-இல் வீடியோ விளையாட்டுக்காக விற்பனைக்கு வந்த கினெக்ட் என்ற காமிரா, எதிரே நிற்பவரின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகியவை எங்கெங்கே இருக்கின்றன என்று தானாகக் கண்டுகொள்ளும். விளையாட்டுக்கு வந்ததைச் சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டவர்கள் உலகெங்கும் உண்டு. இன்றைக்கு அந்தத் தனிக் காமிராவும் வேண்டியதில்லை. சாதாரண செல்போனே அந்தக் காரியத்தைச் செய்கிறது. போனை எதிரே நிறுத்திவைத்துக் கையை நீட்டினால், முழங்கை எத்தனை பாகை நீண்டது, தோள் எவ்வளவு உயர்ந்தது, முதுகு எவ்வளவு சாய்ந்தது என்று அது கணக்கெடுத்து, 80 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற இயன்முறை மருத்துவரின் மேஜைக்கு அனுப்பும். அன்று திண்ணையில் அந்த மருத்துவரின் இரண்டு விரல் உணர்ந்த குற்றத்தை, அவர் வராத மற்ற இருபத்தொன்பது நாளும் கவனித்துச் சொல்ல ஒரு சாட்சி கிடைக்கிறது.

இதையெல்லாம் கேட்டு, ஆளுக்கொரு செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டால் போதும் என்று முடிவு செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் நாட்றம்பள்ளிப் பக்கத்து வீடொன்றில் ஒரு பகல் இருந்து பார்க்க வேண்டும். வீட்டில் நல்ல போன் ஒன்றுதான் இருக்கும். அது காலை ஏழு மணிக்கு மகனோடு கம்பெனிக்குப் போய்விடும். நோயாளியிடம் இருப்பது பட்டன் போன். ஷீட்டுக் கூரை போட்ட வீட்டின் உள்ளறையில் காமிராவுக்குப் போதிய வெளிச்சம் இராது. வெளியே வாசலில் செய்யலாமென்றால், தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பதை எந்தப் பெண்ணும் விரும்பமாட்டாள். சேலையின் கொசுவத்துக்குள் முழங்காலும், முந்தானைக்குள் தோளும் மறைந்துவிட, காமிரா தடுமாறிப் போகும். இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை நாற்காலியில் உட்கார்ந்தவரை நினைத்துச் செய்யப்பட்டவை. நம் ஜனங்களோ பாயில் சம்மணமிட்டு உட்காருகிறவர்கள். கையூன்றித் தரையிலிருந்து எழுந்திருப்பதுதான் அவர்களுக்கு முதல் பரீட்சை, அது எந்தப் பாடத்திலும் இல்லை. பாஷையும் ஒரு விஷயம்: தமிழோடு உருதுவும் தெலுங்கும் வீட்டுப் பேச்சாக வழங்கும் பிரதேசம் இது. மூளை அடிபட்டுப் பேச்சைப் புரிந்துகொள்வதே கடினமாகிவிட்ட ஒருவருக்கு, தாயின் மடியில் கேட்ட பாஷையில் சொன்னாலன்றிக் காதில் ஏறாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். நின்று நடக்கும் பயிற்சியைத் துணையின்றிச் செய்யவிடுவது அபாயம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பெற்றதனைத்தும் போய்விடும். ஆகையால் தொலைவிலிருந்து நடத்தும் சிகிச்சையை, உட்கார்ந்தபடி செய்யும் கைப் பயிற்சியிலிருந்து தொடங்குவதே விவேகம். மற்றொன்று, படத்தைப் பற்றியது. நோயுற்ற உடம்பின் வீடியோ வீட்டை விட்டு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. மூட்டுகளின் நிலையைக் காட்டும் எண்கள் மட்டும் போனால் போதும். தனிப்பட்ட விவரங்களைப் பாதுகாக்க 2023-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. அதை இந்த வீடுகளின் பொருட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

பலன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் 11 இடங்களில், பக்கவாதத்தால் கை பலவீனப்பட்ட 124 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குச் சிகிச்சைக் கூடத்திலும், மறு பாதியினருக்கு அவரவர் வீட்டிலேயே யந்திரத்தின் வழியாகவும், தலைக்கு 36 அமர்வுகள், ஒவ்வொன்றும் 70 நிமிஷம் என்று சமமான அளவில் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி, வீட்டிலிருந்தவர்களின் கை, கூடத்துக்குப் போனவர்களின் கைக்குச் சற்றும் பின்தங்கவில்லை. இதைச் சொல்பவர்கள் அதற்கு முன்பே நம் தேசத்தில் நடந்து முடிந்த மற்றொரு பெரிய பரிசோதனையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவின் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பாதியினரின் குடும்பத்தாருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி முறைகளைக் கற்பித்து, வீட்டில் அவர்களே செய்விக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் சேர்ந்து, கற்பிக்கப்பட்ட குடும்பங்களில் நூற்றுக்கு 47, வழக்கமான சிகிச்சை பெற்ற குடும்பங்களிலும் நூற்றுக்கு 47. அட்டெண்ட் என்ற பெயரால் அறியப்படும் அந்த ஆய்வு 2017-இல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்தது.

இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். அமெரிக்க ஆய்வில் முப்பத்தாறு அமர்வுகளில் பதினெட்டில், திரையின் மறுபக்கத்தில் ஒரு சிகிச்சையாளர் உட்கார்ந்து பேசினார். எத்தனை முறை அசைந்தது என்ற கணக்கும் இருந்தது. இந்திய ஆய்வில் அன்பு இருந்தது, சிரத்தை இருந்தது, சொல்லிக்கொடுத்ததும் இருந்தது. ஆனால் ஆறு மாதமும் தொடர்ந்து தினசரி எண்ணிக்கையைப் பார்த்து, 'நேற்று ஏன் இருபதோடு நிறுத்திவிட்டீர்கள்' என்று விசாரிக்க ஆள் இல்லை. வீட்டில் நடக்கும் சிகிச்சைக்குக் கணக்கும் வேண்டும், அந்தக் கணக்கைக் கேட்பவரும் வேண்டும். யந்திரம் முதலாவதைத் தரும். இரண்டாவதைத் தர மனிதரால்தான் ஆகும்.

நல்லவேளையாக, அந்த மனிதர் நம்மிடம் இருக்கிறார். 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி, நமக்கு அடுத்த கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு, இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர் என்பது அதன் ஏற்பாடு. ஏலகிரி மலையடிவாரத்திலிருந்து ஆந்திர எல்லை வரையில் சிதறிக்கிடக்கும் ஊர்களுக்கு ஒரே ஒருவர் வண்டியில் போய்வர வேண்டுமானால், ஒரு வீட்டுக்கு மாதத்தில் எத்தனை தடவை போக முடியும்? போன தடவை சொன்னதை இந்தத் தடவை நினைவூட்டுவதற்குள் அவருக்கு அடுத்த வீட்டு நேரம் வந்துவிடுகிறது. அவருடைய இரண்டு விரலை ஒன்றியம் முழுவதற்கும் நீட்டுவதற்கு அசைவை அளக்கிற இந்தச் சாதனம் பயன்படுமானால், அதைக் காட்டிலும் உயர்ந்த பிரயோகம் அதற்கு இருக்க முடியாது.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், தாமே கழுத்துக்குக் கீழ் செயலிழந்த நிலையில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் ஸ்தாபித்த அமர் சேவா சங்கம், வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக இத்தகைய ஒரு வழியை ஏற்கெனவே நடத்திக் காட்டியிருக்கிறது. அங்கே கருவி, வீடு வீடாகப் போகிற ஊழியரின் கையில் இருக்கிறது; நிபுணர்கள் தொலைவிலிருந்து பார்த்து அவருக்கு வழி சொல்கிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம். ஒரு டேப்லெட், அதை நிறுத்த ஒரு ஸ்டாண்டு, மணிக்கட்டில் கட்ட இரண்டு உணரி, இவற்றை ஒரு பையில் போட்டு, ஏற்கெனவே தெருத்தெருவாய்ப் போகிற மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடம் கொடுத்தால், மகனுடைய போன் வீட்டில் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி எழாது. சேலை மறைத்தால் உணரி சொல்லும். வெளிச்சம் போதாவிட்டால் பையில் ஒரு விளக்கையும் வைக்கலாம். இயன்முறை மருத்துவருக்கு வாரத்தில் இரண்டு நாள் பிற்பகல், அலைச்சலின்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து, வந்து சேர்ந்த எண்களைப் பார்க்கவும், ஒவ்வொருவரோடும் திரையில் முகம் பார்த்துப் பேசவும் நேரம் ஒதுக்க வேண்டும். அதை அவருடைய வேலைநேரமாகவே கணக்கிட வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்வேன். தோல் தொழிலில் முறையாகப் பதிவான தொழிலாளருக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. பக்கவாதம், பார்க்கின்சன் போன்ற நெடுநாள் நோய் கண்டவருக்கு, உரிய நிபந்தனைகள் பூர்த்தியாகியிருந்தால், சராசரிச் சம்பளத்தில் நூற்றுக்கு 80 வீதம், இரண்டு வருஷம் வரையில் உதவித்தொகை கொடுப்பதற்கு அதன் விதிகளில் இடம் இருக்கிறது. மிகவும் நியாயமான விதி. தொழிலாளி மாதந்தோறும் தன் கூலியிலிருந்து செலுத்திய சந்தாவுக்கு உரிய கைம்மாறு. அந்த இரண்டு வருஷமும் கையைப் பழக்குவதற்கு மிக முக்கியமான காலம், அதிலும் முதல் சில மாதங்கள் பொன்னுக்குச் சமானம். அந்த மாதங்களில் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் தருகிற இ.எஸ்.ஐ. கழகம், அதே மாதங்களில் வீட்டில் நடக்கும் பயிற்சிக்குக் கருவியும் ஆளும் தர முன்வருமானால், மெஷினுக்குத் திரும்பக்கூடிய கைகள் சில திரும்பும். திரும்ப முடியாதவை தம் தலையைத் தாமே வாரிக்கொள்ளவாவது, ஒரு கவளத்தைத் தாமே எடுத்து உண்ணவாவது பழகும். பீஸ் கணக்கில் கூலி வாங்கிப் பதிவில்லாமல் வீட்டிலிருந்தே ஷூ தைக்கிற பெண்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை, அவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவமே கதி.

திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியரையும், பொது சுகாதாரத் துறையினரையும், இ.எஸ்.ஐ. கழகத்தாரையும் நான் வேண்டிக்கொள்வது பெரிதல்ல. நாட்றம்பள்ளி ஒன்றியத்தில் பத்து வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஐந்து பைகளைக் கொடுத்து, பாகாயத்து நிபுணர்களின் ஆலோசனையோடு ஆறு வாரம் நடத்திப் பார்க்கட்டும். முதல் நாள் முழங்கை எத்தனை பாகை நீண்டது, கடைசி நாள் எத்தனை பாகை நீண்டது, நடுவில் எத்தனை நாள் பை வராமல் நின்றது என்ற கணக்கை, பெயரை நீக்கிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் ஒட்டி வைக்கட்டும். பலன் இல்லையென்றால் அதையும் ஒட்டட்டும். நான் சொன்ன அம்மாளின் வீடு அந்தப் பத்தில் ஒன்றாக இருக்க வேண்டுமென்று கேட்கமாட்டேன். அவருக்கு நோய் கண்டு மூன்று வருஷமாகிவிட்டது, சொம்பை இப்போது இடக்கையால்தான் எடுக்கிறார். இந்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து காகிதத்தோடு வீடு திரும்புகிறவர்களிடமிருந்து தொடங்குங்கள்.